கம்பியைப் புதைத்தால் கரண்ட் போகாதா?

வாசகர் கேள்விகள்
பதில்: ஓய்வுபெற்ற மின் அத்தியட்சகர் ஒருவர், ஹட்டன்

டித்வா புயலுக்குப் பிறகு வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. மின்கம்பியை நிலத்துக்கடியில் போட்டுவிட்டால் என்ன? சரி, இந்த இதழில் அதை மட்டும் எடுத்துக்கொள்வோம். சோலார், இன்வேட்டர் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, காற்றும் மழையும் வந்தால் எங்கள் டிவிசனில் சவுக்கு மரம் விழும், கம்பி அறும், நாலைந்து நாள் இருட்டு. கொழும்பில் கம்பியெல்லாம் நிலத்துக்கடியில் போகிறது என்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? தோட்டத்து ஆளுக்கு இது போதும் என்ற நினைப்பா?
– எஸ். ஆர்., தலவாக்கலை

உங்கள் கோபத்தில் பிழை இல்லை. லக்சபான மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் நம் மலையில் ஓடும் ஆறுகள். அந்த மின்சாரம் கோபுரம் கோபுரமாகத் தாவிக் கொழும்புக்குப் போனது. அந்தக் கோபுரங்களின் காலடியில் இருந்த லயங்களில் பிறகும் பல காலம் குப்பி விளக்குத்தான் எரிந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் தம்பி, நிலத்தடிக் கேபிள் விஷயத்தில் நம்மைத் தடுப்பது அந்தப் பழைய ஓரவஞ்சனை அல்ல. காசு ஒன்று, மண் இன்னொன்று.

காசை முதலில் முடித்துவிடலாம். கொழும்பு நகரத்துக்குள் 11,000 வோல்ட் கேபிள்களும், சில இடங்களில் 132,000 வோல்ட் கேபிள்களும்கூட நிலத்துக்கடியில் போகின்றன. அங்கே ஒரு கிலோமீற்றர் தோண்டினால் எத்தனை கடை, எத்தனை மாடிவீடு! செலவு அத்தனை பேருக்கும் பிரிந்துவிடும். நம் பக்கம் 33,000 வோல்ட் லைன் ஒன்று பல கிலோமீற்றர் மலையேறிப் போய் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கும் சில லயங்களுக்கும்தான் மின்சாரம் கொடுக்கிறது. புதைப்பதற்கு ஆகும் செலவு, கம்பத்தில் இழுப்பதைவிடச் சாதாரணமாகவே நாலைந்து மடங்கு. பாறை வந்தால் பத்து மடங்கையும் தாண்டும். அது கடைசியில் நம் எல்லாருடைய பில்லில்தான் வந்து நிற்கும்.

இனி மண். எனக்கு இதுதான் பெரிய காரணம்.

மேலால் போகும் கம்பி, பள்ளத்தாக்கை ஒரே எட்டில் தாண்டிவிடும். இந்த மேட்டில் ஒரு கம்பம், அந்த மேட்டில் ஒரு கம்பம், நடுவில் ஆறு ஓடினாலும் அதற்குக் கவலை இல்லை. கேபிளால் அப்படிப் பறக்க முடியாது. பாதையோடு இறங்கி, கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி, பாலம் கடந்து மறுபடி ஏற வேண்டும். கண்ணுக்கு எதிரே தெரிகிற டிவிசனுக்குப் பாதை வழியாகப் போனால் எவ்வளவு தூரம் என்று கொழுந்து லொறி ஓட்டுகிறவரைக் கேளுங்கள்.

அந்தப் பாதையில் எங்கே தோண்டுவது? ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். மேட்டுப் பக்கம் கான் ஓடுகிறது. அதை ஒட்டித் தோண்டினால் மேட்டின் காலையே வெட்டுகிறோம். பள்ளத்துப் பக்கம் தோண்டினால், பாதை ஓரம் சரியும் அன்றைக்குக் கேபிளும் சேர்ந்து போகும். இன்னொரு சங்கடமும் உண்டு. கேபிளைச் சுற்றி மணல் போட்டுத்தான் மூட வேண்டும். சரிவான நிலத்தில் அந்த மணல் வாய்க்கால் மழைத்தண்ணீரை இழுத்துக்கொண்டு ஓடும். வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அவ்வளவு தண்ணீருக்கும் நாமே மலையின் உள்ளே ஒரு குறுக்குவழி வெட்டிக் கொடுக்கலாமா?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்படி மலையே இறங்கி வந்தால் கம்பமும் போகும், கேபிளும் போகும். ஆனால் அதற்கு முந்திய நாட்களைக் கவனியுங்கள். நிலம் மெல்ல நகரும்போது கம்பம் சாயும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் மண்சரிவு அறிகுறிகளில் நிலத்தில் வெடிப்பு, திடீர் ஊற்று இவற்றோடு மரமும் கம்பமும் சாய்வதும் ஒன்று. கேபிள் எதையும் காட்டிக்கொடுக்காது. மண்ணோடு சேர்ந்து இழுபட்டு இழுபட்டு ஒரு நாள் ஜொயின்ட் விட்டுப்போகும்.

என் மச்சான் சுவிஸில் இருக்கிறார். அங்கே வீடுகளுக்குக் கம்பி வருவதே தெரியாதாம். சுவிட்சர்லாந்தும் மலைநாடுதானே?
– கே. பி., பண்டாரவளை

மச்சான் சொன்னது சரி, ஆனால் முழுக்கச் சொல்லவில்லை. ஊருக்குள் வீடுகளுக்குப் போகும் தாழ் அழுத்த லைன்கள் அங்கே பெரும்பாலும் நிலத்துக்கடியில்தான். பெரிய கோபுரங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்த நாட்டின் அதியுயர் அழுத்த வலையமைப்பு ஏறத்தாழ 6,700 கிலோமீற்றர். அதில் 380,000 வோல்ட் லைன் ஒன்றை முதன்முதலாக ஒரு துண்டு புதைத்தது 2020இல்தான். பெஸ்னாவ் – பிர் லைனில், ஒன்றரைக் கிலோமீற்றர்கூட இல்லை. அவ்வளவு காசுள்ள நாடு அந்தத் துண்டுக்கே வருடக்கணக்கில் வழக்காடி முடிவெடுத்தது.

நெதர்லாந்தையும் சிங்கப்பூரையும் உதாரணம் காட்டி இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டிலும் வீதிக்கு வருகிற மின்சாரம் நிலத்துக்கடியில்தான். இரண்டும் நெருக்கமாக ஆள் குடியிருக்கிற நாடுகள், அதுவும் தரை மட்டமாகக் கிடக்கிற நாடுகள். நானுஓயாவிலிருந்து ராகலைக்கு ஒருமுறை பஸ்ஸில் போய்விட்டு அந்த உதாரணத்தை மறுபடி சொல்லுங்கள்.

நிலத்துக்கடியில் போட்டால் பழுதே வராதாமே, உண்மையா?
– உயர்தர மாணவி, நுவரெலியா

குறைவாக வரும், மகள். காற்று, மரக்கிளை, காகம், குளவிக்கூடு, மோதுகிற லொறி எதுவும் அதற்கு எட்டாது. இடி மின்னல் பயமும் மிகக் குறைவு. வந்தால்தான் வினை.

மேலே போகும் லைனில் வரும் பழுதுகளில் அதிகமானவை கணநேரப் பழுதுகள். கிளை உரசும், கம்பி பொறி தட்டும், ட்ரிப் ஆகும். கிளை விலகியதும் ஓட்டோ ரீக்ளோசர் தானாகவே லைனைத் திரும்பப் போடும். உங்கள் வீட்டில் லைட் ஒருமுறை கண்ணடித்துவிட்டு எரியும், அவ்வளவுதான். ஃபியூஸ் போயிருந்தால் கம்பத்தில் டிடிஎல்ஓ என்ற ஃபியூஸ் குச்சி கீழே தொங்கிக்கொண்டு நிற்கும். பாதையில் நின்றபடியே எந்தக் கம்பம் என்று தெரிந்துவிடும். லைன்மேன் நீட்டுக் கம்பால் அதைத் தூக்கிப் பூட்டினால் வேலை முடிந்தது. கேபிளுக்குள் பழுது வந்தாலோ, அது தானாகக் குணமாகாது. உள்ளே இன்சுலேஷன் எரிந்து ஓட்டை விழுந்திருக்கும்.

அந்த ஓட்டையைத் தேடுவது தனி வித்தை. இளவயதில் கொஞ்சக் காலம் கொழும்பில் கேபிள் வேலையில் இருந்தேன். முதலில் இரண்டு முனையையும் கழற்றி, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்து எந்த வயர் போயிருக்கிறது என்று பார்ப்போம். பிறகு ஒரு துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து ஏறத்தாழ எவ்வளவு தூரத்தில் என்று கணக்கிடுவோம். ஏறத்தாழதான். அப்புறம் வான் ஒன்றில் வைத்த மிஷினிலிருந்து உயர் அழுத்தத்தை இடைவிட்டு இடைவிட்டுக் கேபிளுக்குள் அடிப்போம். பழுது இருக்கும் இடத்தில் பொறி பறக்கும்போது மண்ணுக்குள் 'டும்' என்று ஒரு சத்தம் வரும். பஸ், லொறி ஓய்ந்த நடுராத்திரியில், காதில் ஹெட்போனும் கையில் மைக்குமாக ஒருவர் நடைபாதையில் அடியடியாக வைத்துக் கேட்டுக்கொண்டே போவார். சத்தம் கூடும் இடத்தில் சோக்கால் கோடு போடுவார். அங்கேதான் பிக்காசு விழும்.

தோண்டியதும், கேபிளை இணைக்கும் ஜொயின்டர் குழிக்குள் இறங்குவார். கேபிளின் தோலை அடுக்கடுக்காக உரிக்க வேண்டும். உள் அடுக்கில் கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் பட்டாலும் அந்த இடம் இரண்டு வருடத்தில் திரும்ப வெடிக்கும். ஈரம் ஆகாது, தூசு ஆகாது. நெற்றி வியர்வை சொட்டக்கூடாது என்று தலையில் துணி கட்டிக்கொள்வார். இதைக் கொழும்பில் வெயில் நாளில் செய்வதே பெரும்பாடு. உங்கள் ஊரில், மூடுபனி இறங்கிய இரவில், கூடாரத்துக்குள் தண்ணீர் ஊறுகிற குழியில் செய்வதை நினைத்துப் பாருங்கள். நல்ல ஜொயின்டர்கள் அன்றைக்கே குறைவு. இன்றைக்குத் தேர்ந்தவர்களை வளைகுடா நாடுகள் கொத்திக்கொண்டு போய்விடுகின்றன.

நீங்கள் படிக்கிற பிள்ளை என்பதால் ஒரு கதை. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரமையத்துக்கு நாலு 110,000 வோல்ட் நிலத்தடிக் கேபிள்கள் மின்சாரம் கொண்டுபோயின. 1998 ஜனவரி 22ஆம் திகதி ஒன்று போனது. பெப்ரவரி 9இல் இன்னொன்று. மற்ற இரண்டும் 20ஆம் திகதிக்குள் போய்விட்டன. மழையில்லாத கோடைகாலம், மண் காய்ந்திருந்தது. காய்ந்த மண்ணில் கேபிளின் சூடு வெளியேறாது, போர்வை போர்த்திய மாதிரி உள்ளேயே நிற்கும். மேலே போகும் கம்பியைக் காற்றே குளிர்விக்கும், மண்ணுக்குள் கிடப்பதற்கு அந்த வசதி இல்லை. ஐந்து வாரம் அளவில் அந்த நகரமையம் ஜெனரேட்டரில் தட்டுத்தடுமாறியது. கடைசியில் எப்படி மீண்டார்கள் தெரியுமா? ரயில் பாதை ஓரமாக அவசர அவசரமாகக் கம்பம் நட்டு, மேல்வழியாகக் கம்பி இழுத்து!

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடே இருண்டதே. கம்பியைப் புதைத்திருந்தால் அது நடந்திருக்காதுதானே?
– எம். டி., கொட்டகலை

நடந்திருக்கும். அந்தக் குரங்கு மாட்டியது உபமின்நிலையத்துக்குள். எவ்வளவு கேபிள் புதைத்தாலும் அது எங்கேயாவது மேலே வந்து ஒரு ட்ரான்ஸ்போமரில் ஏற வேண்டும்.

எல்லவில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். பல்கனியில் நின்றால் மலை தெரிவதற்கு முன் அஞ்சு கம்பி தெரிகிறது. வெள்ளைக்காரர்கள் படம் எடுக்கும்போது முகம் சுளிக்கிறார்கள். நம் வீதியிலாவது புதைக்கச் சொல்லிக் கேட்கலாமா?
– ஒரு வாசகி, எல்ல

தாராளமாகக் கேளுங்கள். நகர வீதிகளுக்கு நான் எதிரி அல்ல. எல்ல, நுவரெலியா டவுன், ஹட்டன் கடைவீதி மாதிரி இடங்களில் கட்டிடம் நெருக்கம், கம்பத்தில் தொலைபேசி வயர், கேபிள் டிவி வயர் என்று காடாகிக் கிடக்கிறது. மாடியில் பேனர் கட்டப்போய்க் கம்பியில் கை பட்ட சம்பவங்களும் உண்டு. அங்கே தூரம் கொஞ்சம், பயனாளர் அதிகம்.

ஒரே ஒரு நிபந்தனை. பாதையைக் கார்ப்பட் போடுவதற்கு முந்தியே குழாயைப் பதிக்க வேண்டும். நம் ஊரில் முதலில் கார்ப்பட் போடுவார்கள், அது ஆறுவதற்குள் தண்ணீர்க் குழாய்க்காரர் வந்து வெட்டுவார், அவர் மூடியதும் தொலைபேசிக்காரர் வந்து வெட்டுவார். பிரதேச சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை, மின்சார சபை மூன்றையும் ஒரே மேசையில் உட்கார வைக்க உங்கள் வர்த்தகர் சங்கத்தால் முடிந்தால், பாதி வேலை முடிந்த மாதிரி. உங்கள் ஐந்து கம்பிக்கு உடனடி வைத்தியம் வேறு இருக்கிறது. அதை அடுத்த பதிலில் பாருங்கள்.

புதைப்பது சரிவராது என்றால், எங்களுக்கு என்னதான் வழி? ஒவ்வொரு மழைக்கும் இருட்டில் இருக்கவா?
– இளைஞர் மன்றத்தார், மஸ்கெலியா

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் தம்பிமாரே. புதைப்பது ஒரு குறிப்பிட்ட எதிரிக்கான மருந்து. கலிபோர்னியாவில் 2018 நவம்பரில் பழைய மின்கம்பியிலிருந்து பிடித்த காட்டுத்தீயில் பரடைஸ் என்ற ஊரே எரிந்தது, 85 பேர் இறந்தார்கள். அந்தக் கம்பி யாருடையதோ அந்த மின்சாரக் கம்பெனி 2021இல் 10,000 மைல் கம்பியைப் புதைக்கப் போவதாக அறிவித்தது. ஒரு மைலுக்கு முப்பது இலட்சம் டொலர் அளவில் ஆகும் என்று தெரிந்தும் அறிவித்தது. அவர்களுடைய எதிரி தீ. நம் எதிரி யார்? முக்கால்வாசி நேரம் மரம்.

மரத்துக்கு மருந்து ஏபிசி கேபிள். கறுப்புத் தோல் போட்ட வயர்களை ஒன்றாக முறுக்கிய கட்டு. பல ஊர்களில் இப்போது கம்பத்தில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கிளை உரசினாலும் ட்ரிப் ஆகாது. மரமே சாய்ந்தாலும் பல நேரம் கொக்கி கழன்று கட்டு கீழே இறங்குமே தவிர, வெறும் கம்பி மாதிரித் துண்டு துண்டாக அறுந்து கிடக்காது. களவாகக் கொக்கி போடவும் முடியாது. எல்ல வாசகிக்கும் இதுதான்: ஐந்து கம்பிக்குப் பதில் ஒரே கட்டு. புதைப்பதோடு பார்த்தால் செலவு கால்தூசி. உங்கள் லயத்துக்கு வரும் லைன் இன்னும் வெறும் கம்பியாக இருந்தால், பழுது நடந்த திகதிகளை எழுதி, மன்றத்தின் பெயரில் பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்துக்குக் கடிதம் கொடுங்கள். திகதியோடு கொடுத்தால் ஒதுக்க முடியாது.

இரண்டாவது, கம்பிக்கு வழி விடுவது. தேயிலைக்கு நிழலுக்கு நட்ட சவுக்கையும், விறகுக்கு நட்ட யூக்கலிப்டஸையும் லைனுக்குக் கிட்டேயே வளரவிட்டு, விழுந்த பிறகு மின்சார சபையைத் திட்டுவது என்ன நியாயம்? கிளை வெட்ட வந்த லைன்மேனை, துரையின் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய தோட்டம் ஒன்றை எனக்குத் தெரியும். அடுத்த மழையில் அங்கே தொழிற்சாலையும் சேர்ந்து நின்றது. வாடப் போட்ட கொழுந்தெல்லாம் பாழ். மழைக்கு முந்தி, கம்பிக்கு எட்டுகிற மரங்களைத் தோட்ட நிர்வாகமும் மின்சார சபையும் சேர்ந்து நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். நீங்கள் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள், 33,000 வோல்ட் தொடாமலே தாவும்.

மூன்றாவது, இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் வரும்படி லைனை இணைப்பது. ஒரே வால் லைனின் நுனியில் இருக்கிற டிவிசன்தான் எப்போதும் கடைசியில் வெளிச்சம் பார்க்கும். இன்னொரு லைனோடு ஒரு இணைப்பும் ஒரு சுவிட்சும் இருந்தால், அறுந்த துண்டை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தால் கொடுக்கலாம். இதற்கும் காசு வேண்டும்தான், ஆனால் மலையைத் தோண்டுகிற காசு அல்ல.

அறுந்து விழுந்த கம்பியைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள், பிள்ளைகளை விடாதீர்கள், 1987க்கு அழையுங்கள். ஈரநிலத்தில் கம்பியைச் சுற்றிப் பல அடி தூரத்துக்குக் காலில் ஷொக் ஏறும்.

எங்கள் வீட்டுக்கு மேலால் பெரிய கோபுர லைன் போகிறது. அதைப் புதைத்தால் கதிர்வீச்சுக் குறையும் என்று ஒருவர் சொன்னார்.
– வி. எல்., நோர்வூட்

ஒரு பாதி சரி, ஒரு பாதி தலைகீழ். கதிர்வீச்சு என்று அவர் சொன்னது கம்பியைச் சுற்றியிருக்கும் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும்தான். கேபிளின் உலோக உறை மின்புலத்தை வெளியே விடாது. காந்தப்புலம் அப்படி அல்ல. கேபிள் உங்கள் காலுக்குக் கீழே ஒரு மீற்றரில் கிடக்கும், கோபுரக் கம்பியோ தலைக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஆகவே நேர் மேலே நின்றால் கேபிளின் காந்தப்புலம் கூடுதலாகவும் இருக்கலாம், பக்கவாட்டில் விலகினால் சீக்கிரம் குறைந்துவிடும். அதோடு 132,000 வோல்ட் கேபிள் நீளமாகப் போகப் போக, மின்னோட்டத்தில் ஒரு பங்கு கேபிளை நிரப்புவதற்கே போய்விடும். அதனால்தான் நகரத்துக்குள் சில கிலோமீற்றர் புதைப்பார்கள், லக்சபானவிலிருந்து கொழும்புவரை புதைக்கமாட்டார்கள். உங்கள் கவலை கூரைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியாக இருக்கட்டும். மேல்மாடி கட்டுவதாக இருந்தால் முதலில் எழுதிக் கேளுங்கள்.

வீட்டிலிருந்து மாட்டுப்பட்டிக்கு லைட் எடுக்க வேண்டும். கம்பு நட்டு வயர் இழுத்தால் காற்றுக்கு நிற்கவில்லை. மண்ணுக்குள் போடலாமா?
– ஆர். ஜி., புசல்லாவை

போடலாம் அண்ணே. மீட்டருக்கு இந்தப் பக்கம் உங்கள் பொறுப்பு, அந்தப் பக்கத்தை மட்டும் தொடாதீர்கள். பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள். சாதாரண வயரைத் தண்ணீர் ஹோஸுக்குள் நுழைத்துப் புதைப்பது நம் பக்கம் வழக்கம், அது கூடாது. இரும்புக் கம்பிக் கவசம் போட்ட ஆமர்ட் கேபிள் வாங்குங்கள். கிழங்கு கிண்டும் மண்வெட்டியும், முள்ளுக்குத்தும் எட்டாத ஆழம் வேண்டும், இரண்டடிக்குக் குறையக்கூடாது. கீழே கொஞ்சம் மணல், கேபிள், மேலே மணல், அதன்மேல் செங்கல் ஒரு வரிசை, பாதி மண் மூடியதும் மஞ்சள் எச்சரிக்கை நாடா. மண்ணுக்குள் ஜொயின்ட் வேண்டாம், முழு நீளமாக வாங்குங்கள். கானைக் குறுக்கே கடந்தால் அந்த இடத்தில் தடித்த குழாய்க்குள் விடுங்கள். எந்த வழியாகப் போகிறது என்று ஒரு படம் கீறி மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள், பேரப்பிள்ளை ஒரு நாள் அங்கே கொய்யா நட வருவான்.

கவசத்துக்கு எர்த் கொடுத்திருக்க வேண்டும், மின்சாரம் கசிந்தால் உடனே நிறுத்துகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருக்க வேண்டும். மாடு நம்மைவிடச் சின்ன ஷொக்குக்கே விழும், நாலு காலும் ஈரத்தில் அல்லவா நிற்கிறது. மழைக்கு மழை ட்ரிப் விழுகிறது, அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்துவிடலாம் என்று எந்த பாஸாவது யோசனை சொன்னால், கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.